பேச்சியை மேலே அனுப்பியவள்

ஜூன் 17

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போய் வந்துவிட்டன. காலையிலேயே லாரி லாரியாகக் கணவாய் மீன். கம்பெனியில் மீன் வெட்டும் ஹாலில் கால் வைக்க இடமில்லை. ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியில் தோல் வெள்ளையாகத் தொங்குகிறது. கணவாய் மை தெறித்து எல்லாருடைய வெள்ளைக் கோட்டும் கறுத்துவிட்டது. இரண்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் கிடந்த பெண்கள் கத்தியைக் கையில் பிடித்ததும் ஒரே பேச்சு, சிரிப்பு. நான் லைன் சூப்பர்வைசர் என்பதால் சத்தம் போட்டுப் பார்த்தேன். ஒருத்தியும் காதில் வாங்கவில்லை.

மணிக்கொரு தரம், சுத்தம் செய்த கணவாயில் கொஞ்சம் எடுத்து ஒரு ட்ரேயில் வைத்து மாடியில் இருக்கும் மேனேஜர் கிருபாகரன் சார் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் பார்த்துச் சரி என்றால்தான் பேக்கிங். அது என் வேலை. இன்றைக்குப் பேச்சியிடம் கொடுத்து அனுப்பினேன். முட்டி வலிக்கிறது, படி ஏற முடியவில்லை என்று சொன்னேன்.

பேச்சி புதுப் பெண், இருபத்திரண்டு வயது. குளத்தூர்ப் பக்கமிருந்து கம்பெனி வேனில் வருகிறாள். அப்பா இல்லை, அம்மா மட்டும். கை அவ்வளவு வேகம். "நான் போறேங்க்கா" என்று ட்ரேயைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வீட்டுக்கு வந்து சாளை மீன் குழம்பு வைத்தேன். மகள் ஷைனிக்குப் பள்ளிக்கூடத்தில் புது ஷூ வேண்டுமாம். அவளுக்குப் பதினைந்து வயதாகிறது, இன்னும் கால் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

ஜூன் 19

இன்றும் பேச்சியையே அனுப்பினேன்.

ஜூன் 21, ஞாயிறு

காலைப் பூசைக்குப் போய் வந்தோம். வெயில் நன்றாக அடித்ததால் ஒரு வாரத்துத் துணியையும் துவைத்து, மிளகாயையும் மல்லியையும் கழுவி, எல்லாவற்றையும் மொட்டைமாடியில் காயப்போட்டேன். காக்கையை விரட்டுவதற்காக நாள் முழுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கினேன்.

என் வீட்டுக்காரர் லூர்து கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் எங்கள் கம்பெனிதான், குளிரூட்டும் மெஷின் ஓட்டும் கம்ப்ரசர் ஆபரேட்டர்.

"முட்டி வலின்னு சொன்னியாமே?"

"அங்கன ஈரத் தரை. அதான்" என்றேன்.

ஜூன் 23

பேச்சி மாடியிலிருந்து வர நேரமானது. வந்தபோது மாஸ்க் கழுத்தில் தொங்கியது. ட்ரேயை என் மேசையில் வைத்தாள்.

"அக்கா, நாளைக்கு வேற ஆள அனுப்புங்களேன்."

"ஏன், என்னாச்சு?"

அவள் கையுறையைக் கழற்றினாள், மறுபடியும் மாட்டினாள். "எனக்குப் பிடிக்கல."

"பிடிச்சாப்பிலயா எல்லாரும் வேல பாக்கோம்? நீதான் வெரசா போயிட்டு வார" என்றேன்.

என்னைப் பார்த்தாள். நான் அவள் வெட்டிய கணவாயில் தோல் ஒட்டியிருக்கிறது என்று திட்டினேன். ஒட்டியிருக்கவில்லை.

வீட்டில் தலைவலி. சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஜூன் 25

இன்றே எழுதிவிட வேண்டும்.

தேநீர் இடைவேளை முடிந்து எல்லாரும் மேசைக்குத் திரும்பியிருந்தோம். ஹாலில் போன் அடித்தது. கிருபாகரன். "சாம்பிளைக் கோல்டு ஸ்டோரேஜ் முன்னறைக்குக் கொண்டுவரச் சொல்லு. அந்தப் பொண்ணையே அனுப்பு."

அந்த முன்னறை குளிர்கிடங்குக்குள் போகிறவர்கள் கம்பளிக் கோட்டு மாட்டும் சின்ன இடம். தடித்த கதவு. உள்ளே ஆள் பேசினால் வெளியே கேட்காது, பெரிய சத்தம் மட்டும்தான் கேட்கும்.

பேச்சியிடம் சொன்னேன். ட்ரேயை எடுத்தாள். மேசையை விட்டு நகரும்போது கத்தியை மேசையிலேயே வைத்துவிட வேண்டும் என்பது சட்டம். பேச்சி வைக்கவில்லை. காலில் போட்டிருந்த ரப்பர் கம்பூட்டுக்குள் செருகிக்கொண்டாள். நான் பார்த்தேன். வைக்கச் சொல்லவில்லை.

நான் புது ஆட்களுக்குக் கையுறை கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ட்ரே விழுந்த சத்தம் கேட்டது. வேறு யாரும் திரும்பவில்லை. பிறகு ஓர் ஆணின் அலறல். அதற்கு எல்லாரும் திரும்பினார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு கிருபாகரன் வந்தான். இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்திருந்தான். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்து முழங்கை வரை ஓடியது. காதிலிருந்து வாய் ஓரம் வரை கன்னம் பிளந்து, கை விலகியபோது உள்ளே கடைவாய்ப் பல் தெரிந்தது. ஐஸ் தொட்டிமேல் போய் விழுந்தான். ஐஸ் சிவந்தது.

பின்னால் பேச்சி. கோட்டுப் பொத்தான்கள் இல்லை. உள்ளே போட்டிருந்த சட்டை தோளிலிருந்து இடுப்பு வரை கிழிந்து தொங்கியது. கழுத்தில் பல் பதிந்த தடம். கத்தி கையில் இருந்தது.

"யாரும் கிட்ட வராதிய" என்றாள்.

செக்யூரிட்டி ஆட்கள் இருவர் ஓடிவந்தார்கள். முதல் லத்தி அடி பேச்சியின் மணிக்கட்டில். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கத்தி விழுந்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒருவன் அவள் தலைமுடியைப் பிடித்து, ஸ்டீல் மேசையின் விளிம்பில் முகத்தை இடித்தான். விழுந்தவளை மற்றவன் பூட்ஸ் காலால் முதுகில் மிதித்தான். "முதலாளி வீட்டு ஆளையே வெட்டுதியாடி" என்று சொல்லிச் சொல்லி மிதித்தான். லைனில் நின்ற செலின் ஓடிப்போய் அவள்மேல் கவிழ்ந்து படுத்தாள். செலினுக்கும் இடுப்பில் விழுந்தது. கணவாய்த் தோலுக்கு நடுவே தரையில் பேச்சியின் பல் கிடந்தது.

நான் கையுறைக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பேச்சியின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். எச்.ஆர். ஷர்மிளா மேடம் படியில் ஓடி வந்தார். அவருக்கும் முகம் வெளுத்திருந்தது. "ஏன் நிக்கிறீங்க ஜெசிந்தா? முதல்ல தரையைக் கழுவச் சொல்லுங்க. நாளைக்கு ஃபாரின் பையர் வர்றாங்க."

நானே கழுவினேன். குளோரின் தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன். ரத்தம் சீக்கிரம் போய்விடுகிறது. கணவாய் மைதான் போவதில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு லைன் ஓடியது.

ஜூன் 26

மீன் வாங்கும் வெளிநாட்டு பையர் வந்து போனார்கள். தரை சுத்தமாக இருப்பதாகப் பாராட்டினார்களாம்.

பேச்சி கணவாய் திருடியபோது மேனேஜர் பிடித்தாராம், அதனால் வெட்டிவிட்டாளாம். நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். போலீஸ் அவளை அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட வைத்து அப்படியே ரிமாண்டுக்குக் கொண்டுபோய்விட்டது. கொலை முயற்சி வழக்கு.

ஜூன் 27

ஷர்மிளா மேடம் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். "பெண் ஊழியர் பாதுகாப்புக் கமிட்டிக்கு இதுவரை எந்தப் புகாரும் வந்ததில்லை. மேனேஜர் மீது யாரும் குறை சொன்னதில்லை."

"இதுல நான் எதுக்கு மேடம் கையெழுத்துப் போடணும்?"

"நீங்க கமிட்டி மெம்பர்."

"நானா?"

"ரெண்டு வருஷமா இருக்கீங்க. டிரஸ்ஸிங் ரூம் கதவுக்குப் பின்னாடி போர்டு இருக்கே, பாத்ததில்லையா?"

போய்ப் பார்த்தேன். ஈரக் கோட்டுகளை அதன்மேல்தான் தொங்கவிடுவோம். கோட்டுகளை விலக்கினேன். தலைவர் ஷர்மிளா, உறுப்பினர் ஜெசிந்தா லூர்து, வெளி உறுப்பினர் வழக்கறிஞர் காந்திமதி. என் பெயரின்மேல் பூஞ்சை படர்ந்திருந்தது. தினமும் அங்கேதான் நின்று துணி மாற்றுகிறேன்.

திரும்பிப் போனேன். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.

ஷர்மிளா மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "யோசிக்க என்ன இருக்கு? உங்க வீட்டுக்காரரும் இங்கதான் இருக்கார். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க. நான் போட்டுட்டேன் பாருங்க."

அவர் கையெழுத்து அதில் இருந்தது.

ஜூலை 1

உதடு வீங்கிவிட்டது. கஞ்சி குடிக்கும்போது எரிகிறது.

சாயங்காலம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். லூர்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கையெழுத்துப் போட மாட்டேங்கியாமே. ஷர்மிளா மேடம் எங்கிட்ட சொல்லுதாவ."

"அவ என் லைன்ல நின்னவ."

"கத்திய எடுத்துட்டுப் போனவளுக்கு நீ எதுக்குப் பரிஞ்சு பேசுத? என்னைய பெர்மனென்ட் ஆக்குனதே கிருபாகரன் சார்தான். ரெண்டு பேர் சோலியும் போயிரும் பாத்துக்கோ."

"அவன் அந்தப் புள்ளய என்ன செஞ்சான்னு கேட்டியளா?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. என் கை நின்றுவிட்டது.

"என்ன தெரியும்?"

"ஒண்ணுமில்ல, விடு."

"என்ன தெரியும்னு கேக்கேன்."

"கம்ப்ரசர் ரூம் ஜன்னல்ல நின்னா மாடிப்படி தெரியும். எறங்கி வாரப்ப கோட்ட இழுத்து விட்டுட்டு வருவாளுவ. பயலுவ எதாவது பேசுவானுவ, சிரிப்பானுவ. அதுக்கு நான் என்ன செய்ய?"

"நானும் அந்தப் படியிலதான் எறங்கி வந்தேன். அப்ப என்ன பேசுனாங்க? நீங்களும் சேந்து சிரிச்சியளா?"

அறைந்தார். பல் குத்தி உதடு கிழிந்தது. இத்தனை வருடத்தில் கை நீட்டியதில்லை, அதை இங்கே எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கை பதில் சொல்லிவிட்டது.

நான் துருவியை அதன் கட்டையோடு தூக்கி அவர் தோளில் அடித்தேன். இரும்புப் பல் சட்டையோடு சதையைக் கிழித்தது. இன்னொரு தடவை ஓங்கினேன். ஷைனி ஓடிவந்து குறுக்கே நின்று "ம்மா, போதும்மா" என்று கத்தியதால் நிறுத்தினேன். இல்லாவிட்டால் நிறுத்தியிருப்பேனா, தெரியாது.

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தார். துருவிய தேங்காயில் என் ரத்தம் சொட்டியிருந்தது. எடுத்துக் கொட்டினேன்.

ஜூலை 3

லீவு போட்டுவிட்டு தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போனேன். பெண்கள் சிறையில் பேச்சியைப் பார்க்க வேண்டும். வாசலில் அவள் அம்மா மாடத்தி நின்றுகொண்டிருந்தாள். கம்பெனியில் இருந்து வருகிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயாவது வந்தியே தாயி. ஒருத்தரும் எட்டிப் பாக்கல." எனக்குக் கையை உருவிக்கொள்ளத் தோன்றியது. உருவவில்லை.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பேச்சி. வலது கையில் மாவுக்கட்டு. ஒரு கண் இன்னும் முழுக்கத் திறக்கவில்லை. முன்பல் இரண்டு இல்லாததால் பேச்சில் காற்று வந்தது. மாடத்தி அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "அம்மா, நீ போய்த் தண்ணி குடி" என்று அனுப்பிவிட்டாள்.

நான் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "பேச்சி, நான்தான் உன்ன அனுப்புனேன்" என்றேன்.

"தெரியும்."

"எனக்கு முட்டி வலி இல்ல."

"அதுவும் தெரியும்க்கா. ரெண்டாவது நாளே தெரிஞ்சுபோச்சு." வலைக்குப் பக்கத்தில் வந்தாள். "உங்களையுமா?"

நான் தலையை ஆட்டினேனா என்றுகூட எனக்கு நினைவில்லை. அவள் பார்த்துக்கொண்டாள்.

"எல்லாம் என்னாலதான்" என்றேன். அழுகை வந்துவிட்டது. "அன்னைக்கு நீ கேட்டப்பவே வேற ஆள அனுப்பிருந்தா..."

"வேற ஆள அனுப்பிருந்தா அவ இங்க நிப்பா. இல்லன்னா வாய மூடிட்டு லைன்ல நிப்பா." பேச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "அழாதீங்க. ஒங்கமேல எனக்குக் கோவம் இருக்கு, சாவுற வரைக்கும் இருக்கும். அது ஒங்களுக்கும் எனக்கும் உள்ளது. ஆனா மேல கைய வச்சவன் அவன். எல்லாத்தையும் நீங்களே தூக்கித் தலையில வச்சுக்கிட்டா அவன் சும்மா எந்திரிச்சுப் போயிருவான். அதுக்கா நான் பல்ல ஒடச்சுக்கிட்டேன்?"

காவலர் நேரம் முடிந்தது என்றார்.

"அவன் மூஞ்சி எப்படி இருக்கு?" என்று எழுந்தபடியே கேட்டாள்.

"தையல் போட்டிருக்கு. தழும்பு போகாதாம்."

"நல்லது. அடுத்தவ அதப் பாத்தாவது வெலகி நிப்பா."

ஜூலை 4

கையெழுத்துப் போட முடியாது என்று ஷர்மிளா மேடத்திடம் சொன்னேன். பிறகு பேருந்து பிடித்துப் போய் வழக்கறிஞர் காந்திமதியின் அலுவலகத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். வயதானவர், காது கொஞ்சம் மந்தம். தன் பெயர் அந்த போர்டில் இருப்பது அவருக்குத் தெரியும். ஒருநாள்கூடக் கம்பெனி அவரைக் கூப்பிட்டதில்லை. "நானும் என்ன ஏதுன்னு கேக்கலையேம்மா" என்றார். அப்போதே போனை எடுத்து, செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடியாக வேண்டும் என்று கம்பெனியை நடத்தும் முதலாளி மகனிடம் சொன்னார்.

ஜூலை 7

கமிட்டி. மேலே ஏ.சி. அறை. நீள மேசைக்கு ஒரு பக்கம் ஷர்மிளா மேடம், காந்திமதி அம்மா, எனக்கு ஒரு நாற்காலி. எதிரே முதலாளி மகன். அவர் பக்கத்தில் முகத்தில் பாதியைக் கட்டு மூடியிருக்க, கிருபாகரன்.

நான் என் நாற்காலியில் உட்காரவில்லை. சுற்றிப் போய் எதிர்ப்பக்கம் ஓரத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நான் மெம்பரா வரல. சாட்சியா வந்திருக்கேன்" என்றேன்.

முதலில் பேச்சியைப் பற்றிச் சொன்னேன். வேறு ஆளை அனுப்பச் சொல்லி அவள் கேட்டதையும், நான் அவளையே அனுப்பியதையும் சொன்னேன்.

"கத்தியோட போயிருக்கா. பிளான் பண்ணித்தான் போயிருக்கா" என்றார் முதலாளி மகன்.

"கத்திய எடுத்துட்டுப் போகச் சொன்னது நான்தான்" என்றேன். "தோல் ஒட்டியிருந்தா அங்கனயே வெட்டிக் காட்டணும்னு சொல்லி அனுப்புனேன்."

காந்திமதி அம்மா என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இதைக் கோர்ட்டிலயும் சொல்வீங்களா?"

"சொல்லுவேன்."

பிறகு என்னைப் பற்றிக் கேட்டார். அதைச் சொல்லத்தான் நேரமானது. பிப்ரவரியில் முதல் தடவை. ட்ரேயை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அவன் பின்னால் வந்து நின்றான். ட்ரேயைக் கீழே போட்டிருந்தால் கை இரண்டும் எனக்குக் கிடைத்திருக்கும். கணவாய் வீணாகிவிடுமே என்று போடவில்லை. அதைத்தான் இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன், அவன் செய்ததைவிட அதை. மற்றதை அங்கே எழுதியிருக்கிறார்கள். இங்கே எழுத மாட்டேன்.

கிருபாகரன் தைத்த வாயால் கத்தினான். "அவளாத்தான் வந்தா! வேண்டாம்னா எதுக்கு டெய்லி மேல வரணும்?"

"வேலை மேல இருந்தது, அதனால வந்தாங்க" என்றார் காந்திமதி அம்மா.

அவன் எழுந்தான். மேசையில் இருந்த கண்ணாடித் தண்ணீர் ஜாடியைத் தூக்கி எறிந்தான். நான் குனிந்தேன். அது என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் உடைந்தது. சில்லு தெறித்துக் கழுத்தில் கீறியது. மேசையைச் சுற்றி வந்து என் தொண்டையைப் பிடித்துவிட்டான். நாற்காலியோடு பின்னால் சாய்ந்தேன். அந்த முகம் இவ்வளவு கிட்டத்தில். தையல் விட்டு, கட்டைத் தாண்டி என் கோட்டில் ரத்தம் சொட்டியது. இந்த முறை என் கைகளில் ஒன்றும் இல்லை. அந்தக் கட்டின்மேலேயே ஐந்து விரலாலும் அழுத்திப் பிறாண்டினேன். நாய்போல் ஊளையிட்டு விட்டுவிட்டான்.

முதலாளி மகன் நாற்காலியை விட்டு அசையவே இல்லை. "கம்பெனி பேரு கெட்டிரக் கூடாது. இது தனிப்பட்ட ஒருத்தரோட தப்பு" என்றார், அவன் இன்னும் தரையில் கிடக்கும்போதே.

"போன் பண்ணி அந்தப் பெண்ணை முன்னறைக்குக் கூப்பிட்டது ஒருத்தர். அடிச்சவங்க உங்க செக்யூரிட்டி. திருட்டுன்னு நோட்டீஸ் ஒட்டினது உங்க ஆபீஸ். கமிட்டியைக் கதவுக்குப் பின்னால ஒட்டி வச்சது நீங்க, கூப்பிடலையேன்னு சும்மா இருந்தது நான்" என்றார் காந்திமதி அம்மா. பிறகு ஷர்மிளா மேடத்திடம் திரும்பினார். "எழுதுங்க. கழுத்தைப் பிடிச்சதையும் எழுதுங்க."

ஷர்மிளா மேடம் பேனாவைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். முதலாளி மகனைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

ஜூலை 8

வேனில் ஏறக் கூடாது என்று டிரைவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். டவுன் பஸ்ஸில் போனேன். கேட்டில் நிறுத்திவிட்டார்கள். பேச்சியை மிதித்தவன்தான் நின்றான்.

வேன்கள் வந்தன. முதல் வேன் நின்றது. யாரும் இறங்கவில்லை. செலின் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டு மற்றவர்களிடம் ஏதோ சொன்னாள். பின்னால் வந்த வேனிலும் இறங்கவில்லை. உள்ளே கணவாய் லாரிகள் வெயிலில் நின்றன. ஐஸ் உருகி ரோடு வரை ஓடி வந்தது.

"எறங்குங்கடி" என்று அவன் லத்தியால் வேன் கதவை அடித்தான். "பேச்சிய எறக்கிக் கொண்டா, நாங்க எறங்குதோம்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். அவன் ஜன்னலை அடித்தான். கண்ணாடி நொறுங்கி செலினின் நெற்றி கிழிந்தது. அவள் ரத்தத்தைத் துடைக்காமல் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் எல்லாரும் இறங்கினார்கள். வேலைக்கு இல்லை.

அவன் லத்தி எப்போது பறிபோனது என்று எனக்குத் தெரியாது. கேட்டுக்கு முன்னால் அவனைக் கீழே தள்ளிக் கம்பூட்டுக் காலால் மிதித்தார்கள். நானும் போனேன். ஒரு தடவை மிதித்தேன். பிறகு அவன் "யம்மா" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தியது கேட்டது. செலினைப் பிடித்து இழுத்தேன். "போதும்ட்டி, செத்துரப் போறான்" என்று நான்தான் கத்தினேன். அவர்களை விலக்குவதற்குள் எனக்கும் இரண்டு அடி விழுந்தது.

போலீஸ் வந்தது. லேபர் ஆபீசர் வந்தார். மத்தியானத்துக்குள் கணவாய் நாற்றம் சகிக்க முடியவில்லை.

ஜூலை 9

கிருபாகரனைக் கைது செய்துவிட்டார்கள். எங்களில் சிலர்மீதும் வழக்கு இருக்கிறது. செலினுக்குத் தையல்.

ஜூலை 14

ஒவ்வொருத்தியாகக் காந்திமதி அம்மா அலுவலகத்துக்குப் போய்ச் சொல்கிறார்கள். ஐந்து வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவள்கூட ஆறுமுகநேரியிலிருந்து வந்தாள். கைப்பிள்ளையோடு வந்தாள்.

லூர்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது புருவத்தில் அடி, சட்டைப் பை கிழிந்திருந்தது. கம்ப்ரசர் ரூமில் சண்டையாம். யாரோடு, எதற்கு என்று நான் கேட்கவில்லை. சோறு போட்டு வைத்தேன்.

"வக்கீலம்மாட்ட போயிட்டு வந்தேன்" என்றார் தட்டைப் பார்த்தபடி. "ஜன்னல்ல இருந்து பாத்தத எழுதிக் குடுத்துட்டேன். யார் யார் பாத்தானுவ, எத்தன வருசமா, எல்லாம்."

"சிரிச்சதையும் எழுதுனியளா?"

சோற்றைப் பிசைந்தபடி, "எழுதுனேன்" என்றார்.

நான் மீனைக் கொஞ்சம் அவர் தட்டில் வைத்தேன். அவ்வளவுதான். இப்போதும் ஷைனியோடுதான் படுத்துக்கொள்கிறேன்.

ஜூலை 22

பேச்சிக்கு ஜாமீன் கிடைத்தது. கோர்ட்டில் காந்திமதி அம்மா கமிட்டியில் எழுதியதையெல்லாம் வாசித்தார். மாடத்தி பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என் பெயர் வந்த இடத்தில் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

சிறை வாசலில் காத்து நின்றோம். மாடத்தி என்னைவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். பேச்சி துணிப்பையோடு வெளியே வந்தாள். மாடத்தி அவளைக் கட்டிக்கொண்டு முகம், கை, முதுகெல்லாம் தடவிப் பார்த்தாள். பிறகு அவளை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"எம்புள்ள வேண்டாம்னு சொன்ன பொறவும் அனுப்புனது நீதானா?"

"ஆமா."

அறைந்தாள். கட்டட வேலை செய்கிற கை. காது அடைத்துப்போனது. இன்னொரு கன்னத்திலும் அறைந்தாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் ஓங்கினாள். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். காவலர் ஒருவர் "ஏய், என்ன அங்க?" என்று அதட்டினார்.

பேச்சி சற்று நேரம் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். பிறகு மாவுக்கட்டுக் கையை அம்மாவின் தோளில் வைத்தாள். "விடும்மா. அவங்களுக்குச் சேர வேண்டியது அவ்வளவுதான். மிச்சம் கோர்ட்டுல கெடக்கு."

மாடத்தி முடியை விட்டாள். மூச்சு வாங்கியது. கீழே விழுந்து கிடந்த என் செருப்பைக் காலால் என் பக்கம் தள்ளினாள். "எந்திரி. பஸ்ஸு வருது."

மூன்று பேர் உட்காரும் சீட்டில் பேச்சி ஜன்னல் ஓரம், மாடத்தி நடுவில், நான் ஓரத்தில். பஸ் வல்லநாடு தாண்டியது. என் வாயில் உப்புக் கரித்தது.

"கோர்ட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொல்லுவியா?" என்று மாடத்தி முன்சீட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"சொல்லுவேன்."

"வருசக்கணக்கா இழுப்பானுவளாம். அப்பவும் வருவியா?"

"வருவேன்."

"வரலன்னா வீடு தேடி வந்து அடிப்பேன், பாத்துக்கோ."

"தெரியும்" என்றேன்.

பேச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தால் ஈறு வலிக்கும்போல. மாவுக்கட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, தூத்துக்குடி வரும்வரை அப்படியே இருந்தாள்.